சலீம் நம்பர் குற்றாலம் போன நாள்

எங்கள் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களுடைய சிம் கார்டுகள் மட்டும் தென்காசியில் இருக்கின்றன. பேங்கிலிருந்து ஓடிபி வரும், கேஸ் சிலிண்டருக்கு மெசேஜ் வரும், ஆதாருக்கு ஏதாவது வரும். அதனால் விமானம் ஏறுவதற்கு முன்னால் சிம்மைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அவளும் அதைத் தன் போனில் இரண்டாவது இடத்தில் செருகிக்கொள்வாள். கழுத்தில் கிடக்கிற கருகமணி மாதிரி அதுவும் நம்மோடேயே கிடக்கும்.

இதில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் இருந்தேன், ஏட்டையா பலவேசம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிற வரைக்கும்.

"முகம்மது சலீம்ங்கது யாரு?" என்று கேட்டார்.

என் மாமியார் ராபியாவுக்கு மகனைப் பற்றி யார் கேட்டாலும் போதும், முழங்கால் வலியெல்லாம் பறந்துவிடும். "எம் மவன்தான். தம்மாம்ல இருக்கான். கடைசியா லீவுல வந்துட்டுப் போயி மூணு வருசமாச்சு. காலையிலகூட பேசினான்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

ஏட்டையா கையிலிருந்த தாளைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "அப்ப அவரு நம்பரு போன செவ்வாக்கெழம குற்றாலத்துல என்னம்மா செஞ்சுது?"

விஷயம் இதுதான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த கேரளக் குடும்பம் அருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அறையில் வைத்திருந்த நகையைக் காணவில்லை. போலீஸ் அந்த நேரத்தில் அந்த டவரின் கீழ் இருந்த போன் நம்பர்களை எல்லாம் வாங்கி, சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தது. சலீமின் நம்பருக்குக் கூப்பிட்டார்களாம், தெரியாத நம்பர் என்று நான் எடுக்கவில்லை. விலாசம் தேடி வந்தால், ஆளே நாட்டில் இல்லை என்று பெற்ற தாயே பெருமையாகச் சொல்கிறாள். ஆள் சவுதியில், நம்பர் சம்பவ இடத்தில். எந்தப் போலீஸ்காரருக்குத்தான் ஆசை வராது?

"அந்த சிம்மு ஹஸீபா போன்லல்லா கெடக்கு" என்று மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, செவ்வாக்கெழம நீ திருநவேலி கண்ணாஸ்பத்திரிக்கில்லா போன?"

"ஆமா மாமி" என்றேன். "டவரு தப்பாக் காட்டியிருக்கும்."

ஏட்டையா சிரிக்கவில்லை. எஸ்.ஐ. அம்மா விசாரிப்பார்கள், நாளைக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டவர் தப்பாகக் காட்டவில்லை. நான் குற்றாலத்தில்தான் இருந்தேன். அதுவும் லாட்ஜில். அதுவும் நகை தொலைந்த அதே மாடியில். தனியாக ஒரு அறை எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, தூங்கினேன்.

தூங்கத்தான் தூங்கினேன். வேறு ஒன்றும் இல்லை. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? புருஷன் வெளிநாட்டில், பெண்டாட்டி குற்றாலத்தில் லாட்ஜ் அறையில் என்று ஒரு வரி போதும், மீதியை ஊரே எழுதிக்கொள்ளும். "தூங்கினேன்" என்பதைச் சொல்லிப் பார்த்தால் அதைவிடக் கேவலமான பொய் உலகத்தில் கிடையாது.

ஏன் போனேன் என்று கேட்டால், எனக்குக் கோபம்தான் வரும். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மாமிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு நான் நிற்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனால் சொந்தக்காரர்கள் நலம் விசாரிக்க வருவார்கள். அவர்களுக்கு டீ. போதாததற்கு ஹாலில் ஒரு கேமரா. போன தடவை லீவில் வந்தபோது சலீம் வைத்துவிட்டுப் போனது. பாதுகாப்புக்கு என்றார், "வீட்டப் பாத்துட்டே இருந்தா ஊர்ல இருக்க மாதிரி இருக்கும்ட்டி" என்றும் சொன்னார். அதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் மத்தியானம் சோபாவில் அரைக் கண் சொருகும்போது சுவரிலிருந்து, "ஹஸீபா, உம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று குரல் வந்தால் பாவம் எல்லாம் எங்கே போகுமோ தெரியாது.

என்னோடு கல்லூரியில் படித்த எப்சிபா அந்த லாட்ஜில்தான் ரிசப்ஷனில் இருக்கிறாள். தனியாக வருகிற பெண்களுக்கு லேசில் அறை தர மாட்டார்கள். அவள் இருந்ததால் கிடைத்தது. ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, "என்னட்டி, குளிக்கலையா?" என்று கேட்டாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அருவியில் நல்ல தண்ணீர். நான் "தூங்கணும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சாவியைக் கொடுத்தாள். யாரும் கூப்பிடக் கூடாது என்று என்னுடைய நம்பரை மட்டும் அணைத்து வைத்தேன். சலீம் நம்பருக்குப் பேங்கைத் தவிர யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அதை விட்டுவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஏட்டையா போனதும் மாடிக்குப் போய் எப்சிபாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கட்டி" என்றாள். "வந்தவங்க பேரு, ஆதாரு, கேமராவுல பதிஞ்சது, எல்லாம். நீ ஏறிப் போறது, இறங்கி வாறது, அத்தனையும் அதுல இருக்கு. பை கூட இல்லாம வந்து சாயங்காலமே போன ஒரே ஆளு நீதான். நான் சொல்லிப் பாத்தேன், என் கூடப் படிச்சவதான்னு. எழுதிக்கிட்டாங்க."

சாயங்காலம் என் கணவரின் அண்ணன் சேக் தாவூது கடையை அடைத்துவிட்டு வந்தார். பெரிய மச்சானுக்கு ஜவுளிக் கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் யூடியூபில் சட்டம் பார்ப்பதுதான் வேலை. மாமி சொல்லச் சொல்ல அவர் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

"ஸ்டேஷனுக்கா? எப்படிக் கூப்பிடுவாங்க? பொம்பளைங்கள வீட்டுல வச்சுத்தான் விசாரிக்கணும். சட்டமே அப்படித்தான் இருக்கு. நான் போயி பேசுதேன். நம்ம வீட்டுப் பொம்பள எதுக்குப் படி ஏறணும்? அவங்க வரட்டும் இங்கன."

எனக்குத் தலை சுற்றியது. எனக்குப் பாதுகாப்பு என்று எழுதி வைத்திருக்கிற சட்டம் அது. நல்ல சட்டம்தான், ஆயிரம் பெண்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் இந்த வீட்டில் வைத்து விசாரித்தால் மாமி ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், சுவரில் சலீம். இதற்கு ஸ்டேஷனே எவ்வளவோ தேவலை என்று எப்படிச் சொல்வேன்? "பரவால்ல மச்சான், நானே போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார். போய் ஜெயித்துவிட்டும் வந்தார்.

மறுநாள் காலையில் எஸ்.ஐ. முத்துசெல்வி வந்தார். என் வயதுதான் இருக்கும். செருப்பை வாசலில் விடட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். பின்னால் ஏட்டையா. மாமி நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார். பெரிய மச்சான் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம், நமக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்லா."

"எடுங்க" என்றார் எஸ்.ஐ. பிறகு என்னைப் பார்த்தார். "அந்த நம்பர நீங்கதான் வச்சிருக்கீங்களா?"

"ஆமா மேடம்."

"செவ்வாக்கெழம எங்க இருந்தீங்க?"

வாயைத் திறந்தேன். கண்ணாஸ்பத்திரி என்று சொன்னால் போலீஸிடம் பொய். எல்லாமே அவர்கள் கையில் இருக்கிறது, திருடி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் நான் இனி யார்? மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுடைய போன் என் முகத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது.

அப்போது சுவர் பேசியது.

"மேடம், வணக்கம். நான் முகம்மது சலீம் பேசுதேன், தம்மாம்ல இருந்து. அது என் நம்பருதான் மேடம்."

எஸ்.ஐ. துள்ளி எழுந்துவிட்டார். ஏட்டையாவின் கை லத்தியைத் தேடியது. மாமிதான் பெருமையோடு கையை நீட்டிக் காட்டினார். "மேல பாருங்கம்மா. அந்தா, கேமரா. எம் மவன் அங்கன இருந்தே எல்லாத்தையும் பாப்பான்."

எஸ்.ஐ. கேமராவைப் பார்த்தார். மச்சானின் போனைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அப்போது என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். நான் அடுக்களைக்குப் போனேன். பின்னாலேயே அவரும் எழுந்து வந்தார்.

"மேடம், மேடம், தனியா விசாரிக்கப்படாது, வீட்டுல வச்சுத்தான்..." என்று மச்சான் தொடர்ந்தார்.

"சார், அடுக்களை வீட்டுக்குள்ளதான இருக்கு?" என்றார் எஸ்.ஐ. "பொம்பள போலீஸ் பொம்பளகிட்ட பேசுதேன். கதவு தொறந்துதான் கெடக்கும். நீங்க அங்க இருந்தே பாக்கலாம். கேக்கத்தான் முடியாது."

கேட்க முடியாது என்று அவர் சொன்னாரே தவிர, எங்கள் அடுக்களையில் கரண்டி விழுந்தால் ஹாலில் இருக்கிறவர்கள் என்ன கரண்டி என்று சொல்லிவிடுவார்கள். எஸ்.ஐ. சுற்றிப் பார்த்தார். மேடையில் மிக்ஸி இருந்தது, பக்கத்தில் காலை தோசைக்குத் துருவிய தேங்காய். "சட்னி அரைக்கணுமா?" என்று கேட்டார். நான் முழித்தேன். "அரைங்க, அரைங்க" என்றார்.

தேங்காயும் மிளகாயும் பொரிகடலையும் அள்ளிப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். வீடே அதிர்ந்தது. எஸ்.ஐ. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"லாட்ஜுக்கு எதுக்குப் போனீங்க?"

"தூங்க மேடம்."

"என்னது?"

"தூங்க!" என்று கத்தினேன். "தூங்கத்தான் போனேன்! வேற யாரும் இல்ல. வீட்டுல கண்ண மூட முடியல மேடம். சத்தியமா."

அதற்குள் மிக்ஸி சூடாகி வாசனை வந்தது. அணைத்தேன். அந்த அமைதியில் எங்கள் இரண்டு பேருடைய மூச்சும் கேட்டது. "என்னட்டி அரைக்க?" என்று மாமி ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "சட்னி மாமி" என்றேன். மறுபடியும் சுவிட்சைத் தட்டினேன்.

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். என்னை ஏளனம் செய்கிற சிரிப்பு இல்லை அது. "லாட்ஜு கேமராவ முழுசாப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். "உங்க ரூம் கதவு மூடினது மூடினபடி. சாயங்காலம்தான் தொறக்குது. நடுவுல யாரும் வரல, நீங்களும் வெளிய வரல. நகை போன ரூமுக்கு வேற ஒருத்தன் போறான். இவனப் பாத்திருக்கீங்களா?"

போனில் ஒரு படத்தைக் காட்டினார். தோளில் துண்டோடு ஒரு ஆள். நான் பார்த்ததில்லை என்றேன். தூங்குகிறவள் எதைப் பார்ப்பாள்?

"இவன் நம்பரும் அந்த டவர்ல இருந்துதான் கெடச்சிருக்கு. ஆளத் தேடிப் போயிருக்காங்க. உங்க நம்பர் மட்டும் ஆளு ஒரு எடம், சிம்மு ஒரு எடம்னு நின்னுது. அதக் கேட்டு முடிக்காம விட முடியாதுல்லா? கேட்டாச்சு. முடிஞ்சுது."

மேடையைப் பிடித்துக்கொண்டேன். அந்த லாட்ஜ் கேமராவைத் திட்டுவதா, அதற்கு சலாம் போடுவதா என்று எனக்குப் புரியவில்லை. என்னை மாட்டிவிட்டதும் அது. நான் வெளியே வரவில்லை என்று எனக்காகச் சாட்சி சொன்னதும் அதுதான்.

"அந்த வீடியோ என்ன மேடம் ஆகும்? நான் இருக்கிற வீடியோ?"

"கேஸுக்கு அவன் உள்ள போன துண்டு போதும். உங்களது கோர்ட்டுக்குப் போகாது. நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்." நான் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். "எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ள. நைட் டூட்டி முடிஞ்சு வந்தா ஒரு நாளு கூடத் தூங்க விட்டதில்ல."

மிக்ஸியை நிறுத்தினேன். அவ்வளவு மையாகச் சட்னி எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அரைத்ததில்லை.

எஸ்.ஐ. ஹாலுக்கு வந்து, தண்ணீர் குடித்த டம்ளரை வைத்தார். "விசாரிச்சாச்சு. இவங்களுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் கெடையாது. சிம்ம இவங்க பேருக்கு மாத்திக்கிடுங்க, அவ்வளவுதான்."

மச்சான் விடவில்லை. "அது சரி மேடம். குற்றாலம் டவருன்னு காட்டுச்சே, அது எப்படி? இவ அன்னைக்கு எங்கதான் போயிருந்தா?"

"அந்தக் கேள்வி என் கேஸுக்கு வேண்டியிருந்தது, கேட்டேன். பதிலும் கெடச்சுட்டு. கேஸுக்கு வெளிய அத நான் சொல்லப்படாது சார்."

"வீட்டு ஆம்பளைகிட்ட கூடவா?"

"சட்டம் நல்லாத் தெரிஞ்சவங்க நீங்க" என்றார் எஸ்.ஐ. பொறுமையாக. "நாளைக்கு ஒரு கேஸுக்காக உங்க நம்பர் எங்கெங்க இருந்துச்சுன்னு நான் எடுக்கேன்னு வைங்க. உங்க வீட்டம்மா வந்து கேட்டா, அந்தா இருக்கு பாருங்கன்னு தூக்கிக் குடுத்துரவா?"

பெரிய மச்சான் போனைக் கீழே இறக்கினார். வீடியோவை நிறுத்தினார். நெற்றியில் பொடிப் பொடியாக வேர்த்தது. ஏன் வேர்த்தது என்று நான் கேட்கவில்லை. அது அவர் பாடு.

போகும்போது எஸ்.ஐ. சுவரைப் பார்த்து, "வாறேன் சார், ஒண்ணும் பயப்படாதீங்க" என்று கேமராவுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனார்.

அன்று மத்தியானம் சட்னியோடு தோசை சாப்பிட்டுவிட்டு மாமி ஒரே ஒரு தடவை கேட்டார்: "கண்ணாஸ்பத்திரிலதான ஏட்டி இருந்த?" நான் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போலீஸே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காலை நீட்டிப் படுத்துவிட்டார். இரண்டு நாளில் அந்தத் திருடன் அகப்பட்டான். நகை முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது என்று எப்சிபா சொன்னாள். எனக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் விட்டே வந்தது. நெஞ்சில் வைத்த கல்லை யாரோ எடுத்து ஓரமாகப் போட்ட மாதிரி இருந்தது.

ஆனாலும் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முத்துசெல்வி மாதிரி ஒருத்தி வந்ததால் தப்பினேன். வேறு யாராவது வந்திருந்தால்? ஹாலில் வைத்தே எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போயிருந்தால்? திருடனைப் பிடிக்க அவர்களுக்கு டவர் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த டவரின் கீழே தூங்கினவளுடைய மானம் ஒரு எஸ்.ஐ.யின் நல்ல மனசில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்குத்தானே சட்டம் வேண்டும்? இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சலீம் மூன்று நாளாக அதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், உம்மாவின் காலைப் பற்றிக் கேட்டார். கேட்க நினைத்ததைக் கேட்கப் பயப்படுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. கேட்டிருந்தால் நான் கண்ணாஸ்பத்திரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காததால்தான், வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். யாரும் என்னிடமிருந்து உண்மையைப் பிடுங்கவில்லை. அதனால் கொடுக்க முடிந்தது.

"நான் அன்னைக்குக் குற்றாலத்துலதான் இருந்தேன்" என்றேன். "எப்சிபா லாட்ஜுல ரூம் எடுத்தேன். கதவப் பூட்டிட்டுத் தூங்கினேன். வேற ஒண்ணும் இல்ல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறுபடவில்லை. யாரோ இந்தியில் பேசுவது கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு கட்டில் கிறீச்சிட்டது. அவர் அறையில் எட்டுப் பேர். அது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

"ஹஸீபா" என்றார் கடைசியில். "இங்கன நான் சில நேரம் பாத்ரூம்ல போயி, தாழ்ப்பாளப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். எவனாவது தட்டுத வரைக்கும்." ஒரு மூச்சு விட்டார். "நல்லாத் தூங்கினியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ம்" என்றேன். "சாயங்காலம் அஸர் பாங்கு சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

"மாஷா அல்லாஹ்" என்றார். அவர் உண்மையிலேயே பொறாமையோடு சொன்னார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பின்னால் இருக்கிற ஏழு பேரும் என்ன என்று கேட்டிருப்பார்கள்.

"இனிமே போனா எனக்கு மட்டும் ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "வேண்டாம். சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. தோணலன்னா தூங்கு."